பலாச்சுளையும் மாங்காயும்: அண்மையில் பார்த்த பழைய, புதிய திரைப்படங்கள் குறித்துச் சில கருத்துகள்

திரைப்படத்தை இலக்கியப் பனுவலுக்கு நிகராக வைத்துப் பேசும் வழக்கம் நம் கல்விச் சூழலில் இன்னும் உறுதிப்படவில்லை. நாவலுக்கும் சிறுகதைக்கும் கருத்தரங்கு உண்டு. திரைப்படத்திற்குத் தேநீர் இடைவேளைதான் உண்டு. ஆயினும் அவ்விடைவேளையில் பேசப்படுவன சில வேளைகளில் அரங்கினுள் படிக்கப்பட்ட கட்டுரைகளைக் காட்டிலும் கூர்மையாக அமைந்துவிடுகின்றன என்பதை இவ்விதழின் வாசகர்கள் பலரும் அறிவர். இக்கட்டுரை முறையான திரைப்பட ஆய்வன்று. கடந்த சில மாதங்களில் கோத்தா திங்கியில் இக்கட்டுரையாளரும் உடன் பணியாற்றும் தமிழாசிரியர் சிலரும் வார இறுதிகளில் பார்த்த படங்களைப் பற்றி எழுந்த கருத்துகளை ஒருங்கு வைக்கும் முயற்சியே இது. படங்களைக் காலவரிசையில் பார்க்கவில்லை; ஆதலின் காலவரிசையில் பேசவும் முற்படவில்லை. எனினும் பார்த்து முடித்த பின்னர், இப்படங்களில் பல ஒரே வினாவைச் சுற்றி வருவது புலனாயிற்று. ஒரு நிலத்தில் உழைப்பவனுக்கு அந்நிலத்தின் கனியில் என்ன உரிமை, அவன் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே அவ்வினா.

கோத்தா திங்கி, ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடகிழக்கே, ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். வெளியூரார் இதனை அருவிக்காக அறிவர்; 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்திற்காகவும் அறிவர். (அவ்வெள்ளத்தில் பல வீடுகளில் ஒளிநாடாப் பெட்டிகளும் போயின. பழைய படங்களை மறுபடியும் தேடித் தேடிப் பார்க்க நேர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.) ஊரைச் சுற்றிச் செம்பனை; செம்பனைக்கு முன் ரப்பர்; இரண்டிற்கும் முன் அரசு. அவ்வரசின் கதையே நாம் முதலில் பார்த்த படம்.

சுமந்து செல்லப்படுகையில் இறந்த மன்னர்

1961ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'சுல்தான் மாமுட் மங்காட் டிஜூலாங்' என்னும் மலாய்மொழிப் படத்தின் நிகழ்களம் கோத்தா திங்கி. 1699இல் இவ்வூரில் கொலையுண்ட இரண்டாம் சுல்தான் மாமுட் ஷாவைப் பற்றியது அது. 'மங்காட் டிஜூலாங்' என்பதற்குச் சுமந்து செல்லப்படுகையில் இறந்தவர் என்று பொருள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சிவிகையில் ஏறிச் சென்றபோது கொல்லப்பட்டமையால் அமைந்த பெயர் அது. அவரது அடக்கவிடம் இன்றும் கம்போங் மாக்காமில் உள்ளது. பள்ளிச் சுற்றுலாவில் நம் மாணவர்களையும் அங்கு அழைத்துச் செல்கிறோம்.

கதை பலரும் அறிந்ததே. அரண்மனைத் தோட்டத்துப் பலாவிலிருந்து வந்த பழத்தைக் கண்டு கருவுற்றிருந்த பெண்ணொருத்தி ஒரு சுளையை விரும்பி உண்டாள். அவள் கணவன் மெகாட் ஸ்ரீ ராமா என்னும் கடற்படைத் தலைவன். அரச பணியில் வெளியே சென்றிருந்தான். செய்தி மன்னரின் செவிக்கு எட்டியது. அவள் வயிற்றைக் கிழிக்கச் செய்தார். உள்ளே இருந்த சிசு பலாச்சுளையைப் பற்றியிருந்தது என்பது செவிவழிக் கதை. திரும்பி வந்த கணவன் சிவிகையில் சென்ற மன்னரைக் குத்திக் கொன்றான், மன்னர் உயிர் போகுமுன் எறிந்த குறுவாள் அவன் கால்விரலில் தைத்தது, அவனும் மாண்டான். இளம் மன்னரின் கொடுமை பற்றி அக்காலத்தில் ஜொகூருக்கு வந்த ஸ்காட்லாந்து வணிகர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் எழுதி வைத்துள்ளார். ஆகவே இது முற்றிலும் கட்டுக்கதை எனத் தள்ளுவதற்கில்லை.

தமிழாசிரியர் ஒருவர் இப்படத்தைப் பார்த்து அமைதியாக இருக்க இயலாது. குறுந்தொகையின் 292ஆம் பாடல் உடனே நினைவிற்கு வந்துவிடும். நீராடச் சென்ற பெண்ணொருத்தி, ஆறு அடித்துக்கொண்டு வந்த மாங்காயைத் தின்றாள். அம்மரம் நன்னனின் காவல்மரம். அவளுடைய நிறைக்கு ஒப்பப் பொன்னால் செய்த பாவையும் எண்பத்தொரு யானைகளும் ஈடாகத் தர முன்வந்தும் நன்னன் ஏற்கவில்லை; அவளைக் கொன்றான். பரணர் பாடியது. நன்னனின் அம்மாமரத்தைக் கோசர் வெட்டி வீழ்த்திய செய்தியும் குறுந்தொகையிலேயே, 73ஆம் பாடலில், பரணராலேயே குறிக்கப்படுகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இரு கதைகளும் ஒத்திருப்பதனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கூறுவது நம்மவரிடையே எளிதில் தொற்றிக்கொள்ளும் பழக்கம். அதற்குச் சான்றில்லை. அரசனுக்குரிய மரம், பசித்த அல்லது மசக்கையுற்ற பெண், அளவுக்கு மீறிய தண்டனை என்பவை எந்த முடியாட்சியிலும் தோன்றக்கூடிய கூறுகளே. ஒற்றுமையைவிட வேற்றுமையே நமக்குப் பயன் தருவது. நன்னன் கதையில் பெண்ணின் உறவினர் ஈடு கொடுக்க முற்படுகின்றனர். உயிருக்குப் பொன்னும் யானையும் நிகராகும் என்ற உலகம் அது. கோத்தா திங்கிக் கதையில் ஈடு என்ற பேச்சே இல்லை. குருதிக்குக் குருதியே விடை. மேலும், பரணர் இந்நிகழ்ச்சியை வரலாறாகப் பாடவில்லை. இரவெல்லாம் உறங்காமல் மகளைக் காவல் காக்கும் தாயைச் சினந்து, நன்னன் சென்ற நரகத்திற்கு அவளும் செல்லட்டும் என்று சொல்வதற்காக எடுத்தாளுகிறார். ஓர் அரசனின் கொடுங்கோன்மை அகப்பாடலொன்றில் உவமையாக நிலைபெற்றுவிட்டது. மன்னனுக்கு யாரும் வாளால் தண்டனை தரவில்லை. புலவர் அவன் பெயருக்குத் தண்டனை தந்தார். மலாய்க் கதையிலோ கொன்றவனும் கொலையுண்டவரும் ஒருசேர ஊர்ப்பெயரில் தங்கிவிட்டனர்.

மற்றொன்று. மெகாட் ஸ்ரீ ராமா என்னும் பெயரில் இராமன் இருக்கிறான். அவன் வகித்த 'லக்சமானா' என்னும் பதவியில் இலக்குவன் இருக்கிறான். மன்னருக்குப் பின் அரியணை ஏறிய அப்துல் ஜாலில் முன்னர் வகித்த 'பெண்டாஹாரா' பதவியில் பண்டாரம் என்ற சொல் இருக்கிறது. படத்தை இயக்கியவர் கே. எம். பாஸ்கர். பெயர்களிலும் இயக்கத்திலும் இந்தியாவின் சாயல் நிறைந்த ஒரு படத்தில், திரையில் ஓர் இந்தியரும் இல்லை. 1699ஆம் ஆண்டின் கதையில் தமிழரை எதிர்பார்ப்பது முறையன்று என்பது உண்மையே. ஆனால் அக்காலத்து மலாய்ப் படங்களை வரிசையாகப் பார்ப்பவர்க்கு இவ்வின்மை ஒரு படத்தோடு நிற்பதன்று என்பது விளங்கும்.

சிங்கப்பூரில் மலாய்த் திரைப்படம் தொடங்கிய நாள்முதல் இந்திய இயக்குநர்களின் கை அதில் உண்டு. 1934இல் வெளிவந்த 'லைலா மஜ்னூன்' பி. எஸ். ராஜ்ஹான்ஸ் இயக்கியது. பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) எல். கிருஷ்ணன் இயக்கியது, அவர் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பி. என். ராவ் 'பொந்தியானாக்' (1957) எடுத்தார். வங்காளியரான பணி மஜும்தார் 'ஹங் துவா' (1956) எடுத்தார். இவர்கள் இந்தியக் கதைகளையும் பாட்டு நடன முறைகளையும் அப்படியே பெயர்த்து வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாளிலேயே எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் பாஸ்கரின் படத்தைப் பார்க்கும்போது வேறொன்று புலனாகிறது. அதன் அரசவைக் காட்சிகளில் பாத்திரங்கள் நிற்கும் முறை, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் அசையாதிருத்தல், உரையாடல் உச்சத்தை எட்டும் வேகம் ஆகியவை நம் பழைய தமிழ்ப்படங்களைப் பார்த்துப் பழகியவர்க்கு அயன்மையாகத் தோன்றுவதில்லை. இதனை இயக்குநர் ஒருவரின் இறக்குமதி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மலாய் பங்சவான் நாடகமும் தமிழ்க் கம்பெனி நாடகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் குழுக்களிடம் கடன்பட்டவை. இரு திரைமரபுகளுக்கும் பாட்டன் ஒருவனே. பேரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதில் வியப்பில்லை.

படமாக எப்படி என்று கேட்டால், நடுத்தரம் என்றே கூறவேண்டும். அரசனின் கொடுமை தொடக்கத்திலேயே தீர்ந்துபோன உண்மையாக வைக்கப்பட்டுவிடுவதால், அவன் ஏன் அப்படியானான் என்று கேட்க இடமில்லை. இக்கொலையின் பின்விளைவு பெரிது: மலாக்கா அரசமரபின் நேர்வழி அறுந்தது, கொலையுண்ட மன்னரின் மகன் தானே என்று கூறிய ராஜா கெச்சில் 1718இல் ஜொகூரைக் கைப்பற்றினான். படத்தின் எல்லைக்குள் இவை வாரா. அதே 1961இல் அதே நிறுவனத்தில் ஹுசேன் ஹனிஃப் எடுத்த 'ஹங் ஜெபாட்' இதனினும் பன்மடங்கு உயர்ந்தது. மஜும்தார் விசுவாசியான துவாவின் பெயரைப் படத்திற்கு இட்டார். ஐந்தாண்டு கழித்து ஹனிஃப் கலகக்காரனான ஜெபாட்டின் பெயரை இட்டார். இடையில் 1957இல் நாடு விடுதலை பெற்றிருந்தது என்பதை மறக்கலாகாது. அரசனுக்கு எதிராக ஆயுதம் எடுத்தவனைப் பற்றிய இரு படங்கள் ஒரே ஆண்டில் வந்தமை தற்செயல் என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை. (அடுத்த ஆண்டு ஹனிஃப் எடுத்த 'டாங் ஆனோம்' நம் ஊர்க் கதை என்று சிலர் எண்ணுகின்றனர். பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம் அது. அப்படம் சிங்கப்பூரா அரசின் வீழ்ச்சியைப் பற்றியது.)

கடல் கடந்து வந்த ஒளிப்பதிவுக் கருவி

மலாய்ப் படங்களில் தமிழர் இல்லை. தமிழ்ப் படங்களில் நாம் இருந்தோமா எனின், நெடுங்காலம் நாம் ஒரு பின்புலமாகவே இருந்தோம். 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979), 'பில்லா' (2007) என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், கதாநாயகர்கள் மாறுகிறார்கள், கட்டடங்கள் உயர்கின்றன, சாலைகள் அகலமாகின்றன. அச்சாலைகளில் நடப்பவர்கள் யார் என்று கருவி கேட்பதில்லை. இவை பொழுதுபோக்குப் படங்கள். இவற்றிடம் சமூக வரலாறு கேட்பது நியாயமன்று. தோட்டத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டப்பட்ட நாள்களில் 'உலகம் சுற்றும் வாலிபன்' தந்த மகிழ்ச்சியை இன்று ஆய்வின் பெயரால் குறைத்துப் பேசுவதும் நன்றிகெட்ட செயலாகும்.

'பராசக்தி' (1952) வேறுவகை. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் மு. கருணாநிதியின் உரையாடலோடு வந்த இப்படத்தை நீதிமன்றக் காட்சிக்காகவே பேசிப் பழகிவிட்டோம். இம்முறை பார்க்கையில் கவனம் தொடக்கத்திற்குச் சென்றது. மூன்று அண்ணன்மார் இரங்கூனில் வாழ்கின்றனர்; தங்கை கல்யாணி மதுரையில். போர் மூள்கிறது, கப்பலில் ஒருவனுக்கே இடம் கிடைக்கிறது, மற்றவர்கள் நடந்தே தாயகம் திரும்ப நேர்கிறது. 1942இல் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் காட்டுவழியே நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். படமோ அதனைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. கருணாநிதிக்குத் தமிழ்நாட்டின் வறுமையும் பூசாரியின் பொய்யும் முதன்மை. அகதியின் நடை அவற்றிற்கு வந்து சேரும் வழி மட்டுமே. ஒரு காலை இழந்து திரும்பும் ஞானசேகரன் பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கும் பகுதியை நகைச்சுவையாகவே நினைவில் வைத்திருந்தோம். இன்று அது படத்தின் மிகக் கசப்பான பகுதியாகத் தோன்றுகிறது.

புலம்பெயர்ந்தவனின் நடை எப்போதும் வேறொரு கதைக்கு முன்னுரையாகவே அமைந்துவிடுகிறது என்ற எண்ணம் அப்போது எழுந்தது. நம் நாட்டில் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் கதையை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல்களாக எழுதினர். திரைப்படம் செய்யத் தயங்கியதை நாவல் செய்தது.

பாலாவின் 'பரதேசி' (2013) அத்தயக்கத்தை உடைத்த படம் என்று பரவலாகப் பாராட்டப்பட்டது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளரை அமைப்பாகத் திரட்டவும் முயன்ற பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் அதற்கு மூலம், தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என மொழிபெயர்த்தார். கங்காணி சாலூருக்கு வந்து ஆசை காட்டுவதும், மக்கள் நாள்கணக்கில் நடப்பதும், கணக்கு முடிக்கும் நாளில் கூலி முழுவதும் கடனாகக் கழிந்துபோவதும் நம் பாட்டன் பாட்டியர் சொன்னவையே. தப்பியோட முயன்றவனின் குதிகால் நரம்பை அறுக்கும் காட்சியைக் கண்டு உடனிருந்த மூத்த ஆசிரியை எழுந்து சென்றுவிட்டார். அவர் பிறந்தது தோட்டத்து லயத்தில்.

ஆயினும் இப்படத்தின்மீது ஒரு கடுமையான குறை உண்டு. கொள்ளைநோய் பரவிய தோட்டத்திற்கு வரும் கிறித்துவ மருத்துவரையும் அவர் மனைவியையும் பாலா ஆட்டம் பாட்டமாகக் கேலிச்சித்திரமாக்கிவிட்டார். மூலத்தை எழுதியவர் ஒரு கிறித்துவ மருத்துவர். தொழிலாளரின் துயரை நமக்கு அறியத் தந்த கையையே படம் எள்ளி நகையாடுகிறது. மதமாற்றத்தைக் குறைகூற ஓர் இயக்குநருக்கு உரிமை உண்டு. ஆனால் மூலநூலைத் தலைகீழாக்கும்போது அதற்குரிய காரணம் படத்திற்குள் இருக்கவேண்டும். இங்கு இல்லை. துன்பத்தைக் காட்டுவதில் பாலாவுக்குள்ள வலிமை, துன்பத்திலிருந்து மனிதர் எழுந்த வரலாற்றில் அவருக்குள்ள ஆர்வமின்மையோடு சேர்ந்தே வருகிறது. டேனியலின் வாழ்வு எழுச்சியின் பக்கம் நின்றது. படம் இராசாவின் அழுகையோடு முடிகிறது.

நம்மவர் எடுத்தவை

தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) 'பரதேசி'க்கு எட்டாண்டு முற்பட்டது, குரலை உயர்த்தாதது. ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த சாந்தா பல்கலைக்கழகம் செல்ல விரும்புகிறாள் என்பதே கதை. சிறு முதலீட்டில் எண்முறைக் கருவியால் எடுக்கப்பட்டு அயல்நாட்டு விழாக்களில் திரையிடப்பட்டது. உள்நாட்டில் பார்த்தவர் மிகச் சிலர். படம் மெதுவாகச் செல்கிறது என்ற குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. தோட்டத்தில் நாள் அப்படித்தான் சென்றது. விடியுமுன் பெரட்டு, வெயில் ஏறுமுன் பால்வெட்டு, பின்னர் நீண்ட பகல். 'பரதேசி'யில் தோட்டத்திலிருந்து வெளியேறும் வழி அறுக்கப்பட்ட குதிகால். 'செம்மண் சாலை'யில் அது ஒரு தேர்வு முடிவு. இரண்டும் உண்மை, ஆனால் நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வழியில் வந்தவர்கள். வந்தவர்களின் கதையை மட்டும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயத்தை அடுத்த படம் எழுப்பியது.

பா. ரஞ்சித்தின் 'கபாலி' (2016) தமிழ்நாட்டிலிருந்து வந்ததாயினும் அதனை இப்பகுதியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழரைக் கதையின் நடுவில் நிறுத்திய முதல் பெருஞ்செலவுப் படம் என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. தோட்டத்தில் சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டுக் கபாலி போராடும் பின்னோக்குப் பகுதி சிறிது. ஆனால் படத்தின் உயிர் அதில்தான் உள்ளது. சிறையில் அவன் கையில் ஒய். பி. சத்தியநாராயணா எழுதிய 'என் தந்தை பாலய்யா' என்னும் தலித் குடும்ப வரலாறு இருக்கிறது. தோட்டத்து லயங்களில் சாதி எவ்வாறு உடன் வந்தது என்பதை நம் ஆய்வுகள் தயங்கித் தயங்கியே பேசின. ஒரு வெகுமக்கள் படம் அட்டைப்படம் ஒன்றைக் காட்டியே சொல்லிவிட்டது. மற்றபடி, இடைவேளைக்குப் பின் துப்பாக்கிகள் பேசத் தொடங்கியதும் படம் பழக்கமான பாதையில் விழுந்துவிடுகிறது. ரஜினிகாந்தின் பேச்சு முழுக்கச் சென்னைப் பேச்சு. சுங்கை சிப்புட்டிலோ கிள்ளானிலோ அப்படி ஒருவர் பேசக் கேட்டதில்லை.

இப்படத்திற்கு இரண்டு முடிவுகள் உள்ளன என்பது ஆய்வாளர் கவனத்திற்குரியது. தமிழ்நாட்டில் காட்டப்பட்டதில், கபாலி நடத்திய பள்ளியில் படித்த இளைஞன் ஒருவன் காவல்துறையினரின் ஏவலால் துப்பாக்கியோடு நெருங்குகிறான், திரை இருள்கிறது, வெடியோசை கேட்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்பது சொல்லப்படுவதில்லை. மலேசியாவில் காட்டப்பட்டதில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் திரையில் எழுதப்பட்டது. குற்றம் தண்டனையின்றி முடியலாகாது என்பது தணிக்கை நெறி. அந்நெறியின் நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. குண்டர் கும்பல் நம் சமூகத்தில் ஏற்படுத்திய அழிவை ஆசிரியர்களைவிட நன்கறிந்தவர் யார்? ஆனால் அவ்வொரு வரி படத்தின் மிகக் கூரிய வினாவை அகற்றிவிட்டது. நாம் மீட்டுவிட்டோம் என்று நம்பிய மாணவனே நம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டினால் என்ன சொல்வோம் என்பதே அவ்வினா. அது பிற எவரையும்விட இந்நாட்டுப் பார்வையாளருக்கே உரியது. அவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

'கபாலி'க்கு ஏழு மாதம் முன்னர், 2015 டிசம்பரில், சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' வெளிவந்தது. ஒளிர்விளக்குகளும் பேருருவப் பதாகைகளும் இன்றி வந்து, பார்த்தவர் வாய்மொழியாலேயே பரவியது. 'ஜாஹாட்' என்னும் மலாய்ச்சொல் தமிழர் வாயில் திரிந்து 'ஜகாட்' ஆயிற்று. கெட்டவன், அடங்காதவன் என்பது பொருள். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம். காலம் 1991ஐ ஒட்டியது. தந்தை மணியம் உழைத்து மகனைப் படிக்க வைத்துவிடத் துடிப்பவர். சிற்றப்பன்மாரில் ஒருவர் போதைப்பொருளால் சிதைந்தவர். மற்றவர் குண்டர் கும்பலில் இருப்பவர். பன்னிரண்டு வயது அப்போய் இம்மூவரையும் பார்த்துக்கொண்டே வளர்கிறான். அவனுக்குக் கற்பனை மிகுதி. வீட்டிலும் பள்ளியிலும் அதற்கு இடமில்லை. பிரம்புக்கு மட்டும் இரண்டிடத்திலும் இடம் உண்டு.

படத்தின் சிறப்பு, யாரையும் எளிதில் குற்றவாளியாக்காமையே. மணியம் மகனை அடிப்பது வெறுப்பினால் அன்று. தன் கை அறிந்த ஒரே கல்விமுறை அது என்பதனால். 'செம்மண் சாலை'யின் சாந்தாவைத் தேர்வு வெளியே கொண்டு சென்றது. அதே தேர்வு அப்போயை வெளியே தள்ளுகிறது. ஒரு தலைமுறைக்கு ஏணியாக இருந்தது அடுத்த தலைமுறைக்குச் சுவராகிவிட்டது எவ்வாறு என்பதைப் புள்ளிவிவரங்கள் நிறைந்த அறிக்கைகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு சிறுவனின் முகத்தில் பார்த்தது இதுவே முதன்முறை. தோட்டம் இருந்தவரை லயமும் ஆயக்கொட்டகையும் கோயிலும் திடலும் சேர்ந்து பிள்ளையை வளர்த்தன. அவை வறுமையின் வேலிகளும்தாம். வேலி போனபோது வறுமை மட்டும் உடன் வந்தது.

இப்படத்தைப் பற்றிய பேச்சில் 2016ஆம் ஆண்டுத் திரைப்பட விழாவைக் குறிப்பிடாமல் விடலாகாது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான விருது மலாய்மொழிப் படங்களுக்கே உரியது என்றும், பிறமொழிப் படங்களுக்குத் தனிப்பிரிவு என்றும் முதலில் வகுக்கப்பட்டது. இந்நாட்டில் எடுக்கப்பட்ட படம் இந்நாட்டுப் படந்தானா என்ற வினா எழுந்தது. கலைஞர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்த்தவர்களில் மலாய்க் கலைஞர்கள் முன்நின்றனர் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது. நெறி மாற்றப்பட்டது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாக விருது பெற்றது. மலாய்ப் படவுலகைக் கட்டிய இந்திய இயக்குநர்கள் நால்வர் ஐவரின் பெயர்களை மேலே குறித்தோம். அவர்கள் காலத்தில் இவ்வினா எழவில்லை. அவர்கள் எடுத்தவை மலாய்மொழிப் படங்கள். கருவிக்குப் பின்னால் நின்றவன் திரைக்குள் தன் மொழியோடு வர 1934இலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன.

மொழியைப் பற்றியே எங்களிடையே கருத்து வேறுபாடு மிகுந்தது. 'ஜகாட்' பாத்திரங்கள் பேசுவது மலாயும் ஹொக்கியனும் ஆங்கிலமும் விரவிய நம் தெருத்தமிழ். தூய தமிழைப் பயிற்றும் பொறுப்புடைய ஆசிரியர் ஒருவர், இத்தமிழுக்குத் திரை ஏற்பளித்தால் வகுப்பில் நாம் திருத்தும் தகுதியை இழப்போம் என்றார். அவர் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் பரணரும் ஆற்றோடு வந்த காயைத்தான் பாடினார், அரசவைப் பொன்னை மட்டுமன்று என்று மற்றொருவர் விடையிறுத்தார். வகுப்பில் கற்பிக்கும் தமிழும் மாணவன் வீட்டிலிருந்து கொணரும் தமிழும் ஒன்றையொன்று அறியாதிருப்பதே அப்போயின் இடர். அவன் எழுதவல்லவன், அவன் எழுதுவது எதுவும் விடைத்தாளின் வடிவில் அமைவதில்லை.

குறுந்தொகை 292ஐயும் பாஸ்கரின் படத்தில் பலாச்சுளைப் பகுதியையும் அடுத்தடுத்து வைத்து இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு ஒரு பாடம் நடத்திப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. மலாய் மாணவரும் அக்கதையை அறிவர் என்பது கூடுதல் நன்மை. 'ஜகாட்'டைத் தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் காட்டலாமா என்பதில் உடன்பாடு எட்டவில்லை. வன்முறையும் வசைச்சொற்களும் மிகுதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மூத்த ஆசிரியை மறுத்தார். அப்போய்க்கும் வயது பன்னிரண்டுதானே என்று கேட்டதற்கு, அதனால்தான் வேண்டாம் என்கிறேன் என்றார். பெற்றோருக்கு முதலில் காட்டுவது என்ற யோசனை இப்போது பரிசீலனையில் உள்ளது.